பயனாளிகள் எண்ணிக்கை

ஒன்பதாம் பொருள் வரை எல்லாம் எப்போதும்போல.
வாரச்சந்தைக் குத்தகைக்கு மூன்றாம் முறையாக ஏலம்.
தினசரி மார்க்கெட் கழிப்பறைக்குக் கதவு.
சாயத்தண்ணீர் போகும் பள்ளத்துக்குச் சிறுபாலம்.
நான் தலைப்பை எழுதுவதற்குள்
மேசையைத் தட்டி முடித்துவிடுவார்கள்.

பத்தாவது,
தாராபுரம் ரோட்டு மேல்நிலைத் தொட்டியின் அடிவயிற்றில்
ஆறு மலைத்தேனீக் கூடுகள்.
எதிரே பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் மனு,
பெற்றோர் கையெழுத்து நூற்றிருபது.
கோரிக்கை: தீப்பந்தம்.
மதிப்பீடு: எட்டாயிரத்து நானூறு,
மண்ணெண்ணெய், சாக்கு, இரண்டு ஆள், ஓர் இரவு.

நாலாம் வார்டு பொங்கியண்ணன் எழுந்தார்.
"ஏனுங்க, கொசுவுக்கு அடிக்கறப்பவே
இதுக்கும் சேத்து அடிச்சுப்போடலாமுங்க.
எந்தம்பி புள்ளை ஒம்பது நாளா ஈரோட்டு ஆஸ்பத்திரில.
ரத்த அணு எறங்கீட்டே கெடக்குது.
நீங்க பூச்சிக்குப் பாவம் பாக்கறீங்க."
யாரும் மேசை தட்டவில்லை.
அவர் உட்கார்ந்ததும்
மின்விசிறிச் சத்தம் பெரிதானது.

பதினோராம் வார்டு பாவாத்தாள்
மூன்று வருடத்தில் பேசியது இரண்டே முறை,
இரண்டும் தெருவிளக்கு.
அன்று மைக்கை வாங்காமலே ஆரம்பித்தார்.

"விதைப்பருத்திக் காட்டுல
கிராசிங் வேலைக்குப் போனவளுங்க நானு.
சாயங்காலம் மொக்குக் கிள்ளி
செவப்புத் தாளு சொருகி உடோணும்.
விடிஞ்சா ஆண்பூவைப் பறிச்சு
ஒவ்வொரு பூவாத் தேய்க்கோணும்.
ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை பூவுங்க?"

பொறியாளர் கோப்பைப் புரட்டினார்,
அதில் இருக்கும் என்பதுபோல.

"எண்ணூறு. அதுக்கே நகக்கண்ணு வெடிச்சுப்போகும்.
நாப்பது ரூவா கூலி, ஒரு டீ.
அந்த டீக்குத் தனியாச் சண்டை போட்டோமுங்க.
தொட்டிக்கடியில கெடக்கறதுக
யாருகிட்டயும் டீ கேக்கல."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
பொங்கியண்ணன் பக்கம் திரும்பி,
"புள்ளை எத்தனையாம் நெம்பர் கட்டல்லீங்?
நாளைக்கு வாறேன்" என்றார்.
இதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

சேர்த்தது:
கூடுகளை எரிப்பதில்லை.
பள்ளியின் ரோட்டுப்பக்க வாசலைப் பூட்டி
வடக்கு வாசலைத் திறப்பது.
கொசுப்புகை இருட்டிய பின், ஏழுக்கு மேல்;
நாலாம் வார்டில் மட்டும் வாரம் இரண்டு முறை.
ரோட்டோரம் களைக்கொல்லி நிறுத்தம்.
நடுத்திட்டில் காகிதப்பூ பட்டுப்போன இடத்தில்
ஆவாரை, தும்பை.

தும்பையை எவராவது நடுவார்களா என்றார் ஆணையர்.
புடுங்காம இருந்தாப் போதுமுங்க என்றார் பாவாத்தாள்.
'இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை'
என்று எழுதிக்கொண்டேன்.
இருபத்திரண்டு வருட வேலையில்
அந்த வரியை எழுதியது முதல்முறை.

பொங்கியண்ணன் கையைத் தூக்கவில்லை,
எதிர்க்கவும் இல்லை.
போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒருமனதாக.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தது.
அது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.
ஏறியது தணிக்கை ஆட்சேபனை:
'தீர்மானப் படிவம், பொருள் பத்து,
ஏழாம் கட்டம் காலி.
பயனாளிகள் எண்ணிக்கையைக் குறிப்பிடவும்.'

சிறுபாலத்துக்கு நானூறு குடும்பம் என்று போட்டிருந்தேன்.
கழிப்பறைக் கதவுக்குக்கூட ஒரு கணக்கு உண்டு.

நேற்று வேலை முடிந்து தொட்டியடிக்குப் போனேன்.
ஆறில் நான்கு கிளம்பிவிட்டன,
வெறும் மெழுகு காற்றில் ஆடுகிறது.
மிச்சக் கூட்டின் மேல்
ஓர் அலை ஓடி ஓடி அடங்கியது,
கறுப்புச் சேலையை உதறியதுபோல.
ஒரு மூலையிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.
முப்பதுக்குள் மூன்று முறை தப்பியது.
வாட்ச்மேன் வந்து
மேலே அப்படி என்ன என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.
இப்போதைக்கு ஏழாம் கட்டத்தில்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்:
கணக்கிடப்பட்டு வருகிறது.